கூடைப்பந்தும் ‘நன்றியுள்ள பிணமும்’
(ரசிகப் பற்றைப் பற்றி ஒரு சிறு ஆய்வு)

ரசிகன் என்னும் சொல் நம்மிடையே இரு பொருளில் வழங்குகிறது. ‘அவர் நல்ல ரசிகர்’ என்றால் சுவையறிந்தவர் என்று பொருள். ‘அவன் இன்னாருடைய ரசிகன்’ என்றாலோ, புத்தியைச் சற்று அடகு வைத்தவன் என்னும் குறிப்பும் உடன் வந்து நிற்கிறது. முன்னது பாராட்டு, பின்னது பழி. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘ஃபேன்’ என்பது ‘ஃபனாட்டிக்’ என்பதன் குறுக்கம் என்பர்; அதாவது வெறியன். ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் படிக்க வந்த இடத்தில், தேர்வுக்கு முந்தைய இரவு மஞ்சள் சட்டை அணிந்து கிரிக்கெட் பார்க்கும் நம் விடுதித் தோழர்களைப் பெரியவர்கள் ‘பைத்தியம்’ என்று அழைப்பதும் இப்பொருளில்தான்.

இப்பழி முழுதும் பொருந்துமா? பொதுப்படப் பேசினால் விடை கைக்கு அகப்படாது. ஆகவே ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் பில் வால்டன். அமெரிக்கர். ஏழடிக்கு ஓர் அங்குலமே குறைந்த உயரம். உலகறிந்த கூடைப்பந்து வீரர். அவ்வளவு புகழ் பெற்ற பின்னும், தம்மை ஒரு ரசிகர் என்று சொல்லிக்கொள்வதில் சிறிதும் கூச்சம் காணாதவர்.

வால்டன் 1952ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், சாண்டியாகோ நகரை அடுத்த லா மேசாவில் பிறந்தார். இளமையில் அவருக்குக் கடுமையான திக்குவாய். நாலு பேர் நடுவில் ஒரு சொல் சொல்ல நா எழாது. பேச இயலாத பிள்ளை கேட்கத் தொடங்கினான். லேக்கர்ஸ் அணியின் ஆட்டங்களைச் சிக் ஹெர்ன் என்பவர் வானொலியில் நேர்முக வருணனை செய்வார். அதுவே வால்டனுக்கு முதற்பாடம். ஆயினும் அவர் மனம் பற்றியது லேக்கர்ஸை அன்று. அதன் பரம எதிரியான பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை, குறிப்பாக அவ்வணியின் பில் ரஸ்ஸலை. ரஸ்ஸல் ஆடிய 13 ஆண்டுகளில் செல்டிக்ஸ் 11 முறை வாகை சூடியது. தாம் புள்ளி குவிப்பதைவிட, எதிரி எறியும் பந்தைத் தடுத்துத் தம்மவர் கைக்குச் சேர்ப்பதையே கலையாக ஆக்கியவர் ரஸ்ஸல். பிற்காலத்தில் வால்டன் ஆடிய ஆட்டத்தைப் பார்ப்பவர்க்கு, எந்தப் பள்ளியில் பயின்றவர் இவர் என்பது விளங்கிவிடும்.

பள்ளிப் பருவத்திலேயே அவரை ஆட்கொண்ட மற்றொன்று ‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் ராக் இசைக்குழு. 1965இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் தோன்றியது. மின்கிதாரும் முரசும் முழங்கும் இசை. பெயரைத் தமிழாக்கினால் ‘நன்றியுள்ள பிணம்’! கேட்கவே அச்சமாக இருக்கிறதல்லவா? குழுவின் தலைமைக் கிதார்க் கலைஞர் ஜெர்ரி கார்சியா ஓர் அகராதியைப் புரட்டியபோது கண்ணிற்பட்ட தொடர் அது. பல நாடுகளில் வழங்கும் ஒரு நாட்டுக் கதையின் பெயர். கடன்பட்டு இறந்த ஒருவனின் பிணம் அடக்கம் செய்வாரின்றிக் கிடப்பதை வழிப்போக்கன் காண்கிறான். கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்துக் கடனைத் தீர்த்து அடக்கம் செய்கிறான். பின்னர் அவனுக்கு இடர் வரும்போது முன்பின் அறியாத ஒருவன் வந்து காக்கிறான். அவன்தான் அந்த இறந்தவன். செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரத்தையே பள்ளியில் படித்த நமக்கு இக்கதை அயலாகத் தோன்றாது. இதை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வேண்டியிருக்கும்.

இக்குழு 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகள் நடத்தியது. எந்த இரவும் மற்றோர் இரவைப் போல அமையவில்லை. என்ன பாடுவது என்பதற்குக் கட்டிய பட்டியல் கிடையாது. ஒரே பாட்டு ஒருநாள் ஐந்து நிமிடத்தில் முடியும், மற்றொருநாள் இருபது நிமிடம் விரியும். மனோதர்மம் என்று நம் கச்சேரி மேடையில் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அதனால்தான் ஒரு முறை கேட்டவர் மறுமுறையும் வந்தார். வால்டன் 850க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்குச் சென்றவர் என்பது அவரைப் பற்றி எழுதியோர் தரும் கணக்கு. கூட்டத்தில் அவர் தலை மட்டும் தனியே உயர்ந்து தெரியும்!

தம் ரசிகர்களை இக்குழு நடத்திய முறையே நம் ஆராய்ச்சிக்கு உயிரான இடம். 1971இல் வெளியிட்ட இசைத்தட்டின் உறையில், ரசிகர்களே, நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், முகவரியை எழுதியனுப்புங்கள் என்னும் கருத்தில் ஒரு வேண்டுகோள் அச்சிட்டார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்து, நிகழ்ச்சிகளை ரசிகர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்வதைத் தடுக்காமல் விட்டார்கள். 1984இல் பதிவு செய்வோர்க்கென்றே அரங்கில் தனி இடமும் ஒதுக்கினார்கள். விலைக்கு விற்கக் கூடாது, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒன்றே விதி. வெற்று நாடாவையும் அஞ்சல் செலவையும் அனுப்பினால், முகமறியாத ஒருவர் படியெடுத்துத் திருப்பி அனுப்புவார். வியாபாரக் கணக்கில் இது மடமை. பாட்டை இலவசமாகக் கொடுத்தவன் பிழைப்பானா? பிழைத்தார்கள், நாடாவில் கேட்டவர்கள் நேரில் கேட்க வந்தார்கள். 1977 மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியைப் பாருங்கள். அதைப் பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ஆனால் கைக்குக் கை மாற்றி அதற்குப் புகழ் தேடித் தந்தவர்கள் ரசிகர்கள். நாட்டின் நினைவில் நிற்கவேண்டிய ஒலிப்பதிவு என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011இல் அதனைத் தேர்ந்தெடுத்தது. பணம் கொடுத்து வாங்குபவனாக இருந்த ரசிகன், இங்கே பாதுகாத்து வைப்பவனாக மாறிவிட்டான். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர்களால் வாழ்ந்த இலக்கியத்துக்கு உரிய நமக்கு இதன் அருமை தெரியாதா?

அந்தக் கார்னெல் இரவுக்கு நான்கு வாரம் கழித்து, 1977 சூன் 5 அன்று, வால்டன் ஆடிய போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் அணி ஃபிலடெல்ஃபியாவை 109–107 எனத் தோற்கடித்து வாகை சூடியது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுப் பிறகு நான்கையும் தொடர்ந்து வென்ற அணி அது. ஆட்டம் முடிந்ததும் வால்டன் தம் சட்டையைக் கழற்றிக் கூட்டத்தை நோக்கி எறிந்தார். அவ்வூர் மக்களும் சளைத்தவர்கள் அல்லர். அந்த ஏப்ரல் முதல் 1995 வரை, தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு அரங்கில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அணி மறுபடி ஒரு முறையேனும் வாகை சூடியதா என்றால், இல்லை. வெற்றிக்காக மட்டும் வந்தவர்கள் இவ்வளவு நாள் இருந்திருப்பார்களா?

வால்டனுக்கோ வினை காலில் இருந்தது. பாத எலும்பு மீண்டும் மீண்டும் முறிந்தது. அணியின் மருத்துவ முறைமேல் மனக்கசப்புற்றுப் போர்ட்லாந்தை விட்டு விலகினார். மூன்று பருவங்கள் முழுதாக வீணாயின. ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். தம் தொழில்முறை வாழ்வு முழுவதிலும் அவர் ஆடியது 468 மட்டுமே. ஆட முடியாத நாட்களில் இசைக்குழுவின் பின்னே சென்றார். 1978 செப்டம்பரில் எகிப்தின் பிரமிடுகளின் அடியில் குழு பாடியபோதும் உடனிருந்தார். இறுதியில் 1985இல், சிறுவயதில் தாம் பூசித்த செல்டிக்ஸ் அணியிலேயே இடம் கிடைத்தது. முன்னணி ஐவரில் ஒருவராக அன்று, மாற்று ஆட்டக்காரராக. முன்பு நாட்டிலேயே சிறந்த வீரர் என்று விருது பெற்றவர் இதற்கு இசைவாரா? மகிழ்ச்சியோடு இசைந்தார். அப்பருவத்தில் 80 ஆட்டங்கள் ஆடி, 1986இல் அணியோடு வாகையும் சூடினார். ரசிகனாக இருந்து பழகியவர்க்கே இந்தப் பணிவு எளிதாக வரும் என்பது என் கருத்து.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன கதைக்கு வருவோம்.

லிதுவேனியா பால்டிக் கடலோரத்துச் சிறு நாடு. 1937இலும் 1939இலும் ஐரோப்பியக் கூடைப்பந்து வாகையை வென்றது. 1940இல் சோவியத் படை புகுந்தது. நாடு வரைபடத்திலிருந்து மறைந்தது. ஆட்டம் மட்டும் மறையவில்லை. கௌனஸ் நகரத்து ‘ஷால்கிரிஸ்’ அணி மாஸ்கோவின் படைத்துறை அணியை எதிர்த்து ஆடும் நாளில், வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் மக்கள் அரங்கில் கைதட்டிச் சொன்னார்கள். 1985, 86, 87 மூன்று ஆண்டும் சோவியத் வாகை ஷால்கிரிஸுக்கே. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் முன்னணி ஐவரில் நால்வர் லிதுவேனியர். அவர்கள் கழுத்தில் பதக்கம் விழுந்தது. இசைக்கப்பட்டதோ அயலாரின் நாட்டுப்பண்.

1990 மார்ச்சில் லிதுவேனியா விடுதலையை அறிவித்தது. 1991 சனவரியில் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காக்கத் திரண்ட மக்கள்மேல் சோவியத் படை பாய்ந்தது, உயிர்கள் போயின. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குத் தன் கொடியோடு செல்லும் உரிமை கிடைத்தது. கோடைக்கால ஒலிம்பிக்கில் 1928க்குப் பிறகு அதுவே முதல் முறை. கொடி இருந்தது, வீரர் இருந்தனர், பணம் இல்லை. அப்போது கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸ் ஊர் ஊராக நிதி திரட்டினார். சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. அதைக் கண்டு உதவ முன்வந்தவர்கள் யார்? நம் ‘நன்றியுள்ள பிண’க் குழுவினர்தாம்!

பணம் கொடுத்தார்கள். கூடவே ஒரு பெட்டி நிறையச் சட்டைகளும் வந்தன. மதுரைச் சுங்குடியைப் போலத் துணியை முடிச்சிட்டுச் சாயம் தோய்த்தவை. லிதுவேனியக் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்கள். நடுவே ஓர் எலும்புக்கூடு எகிறிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் படம். வரைந்தவர் கிரெக் ஸ்பீர்ஸ் என்னும் ஓவியர்.

அரையிறுதியில் அமெரிக்காவிடம் 127–76 என்று லிதுவேனியா படுதோல்வி அடைந்தது. அதில் வியப்பில்லை, ஜோர்டனும் மேஜிக் ஜான்சனும் ஆடிய அணி அது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது பழைய சோவியத் குடியரசுகளின் கூட்டணி. அதாவது, நேற்றுவரை எவருடைய சட்டையை அணிந்து ஆடினார்களோ, அவர்களையே எதிர்த்து ஆட வேண்டும். 82–78. லிதுவேனியா வென்றது. பதக்க மேடைக்கு அவர்கள் ஏறியபோது உடுத்தியிருந்தது அந்தச் சாயச் சட்டைகளையே. பளிச்சிடும் எலும்புக்கூடுகளோடு கண்ணீர் மல்க நின்ற அந்த நெடிய மனிதர்களின் படத்தைப் பார்த்துவிட்டு, ரசிகப் பற்று வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. ரசிகர்களால் வாழ்ந்த குழு, தானே வேறோர் அணிக்கு ரசிகராகிக் கடனைத் தீர்த்தது.

அதே 1992இல் நமக்கும் ஒரு செய்தி உண்டு. இக்குழுவின் முரசுக் கலைஞர் மிக்கி ஹார்ட், தபேலா மேதை அல்லா ரக்காவிடம் பாடங்கேட்டவர். அவர் அமைத்த ‘பிளானெட் டிரம்’ இசைத்தட்டு, உலக இசைக்கென முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதை அவ்வாண்டு பெற்றது. அதில் சாகிர் உசேனோடு கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம்.

நிற்க. பற்றின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகும். 1987இல் இக்குழுவின் ஒரு பாட்டு வானொலியெங்கும் ஒலித்துப் பெருவெற்றி பெற்றது. கூட்டம் பெருகியது, நுழைவுச்சீட்டு இல்லாமலும் ஆயிரக்கணக்கானோர் அரங்குகளின் வெளியே திரண்டனர். 1995 சூலை 2 அன்று இந்தியானா மாநிலத்து டியர் கிரீக் அரங்கில் ஒரு கூட்டம் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. உள்ளிருந்த சிலர் அதற்கு ஆரவாரமும் செய்தனர். மறுநாள் நிகழ்ச்சி நின்றது. இப்படியே நடந்தால் எங்களால் பாட முடியாது என்னும் கருத்தில் குழு தன் ரசிகர்களுக்கே கடிதம் எழுதவேண்டியதாயிற்று. அடுத்த மாதம் 9ஆம் நாள் கார்சியா இறந்தார். பெரியவர்கள் சொல்லும் ‘பைத்தியம்’ எது என்று கேட்டால், அந்த வேலியைச் சுட்டிக்காட்டுவேன். நாடாவைப் படியெடுத்து அனுப்பியவனும் ரசிகன், வேலியைப் பிய்த்தவனும் ரசிகன் என்று ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் வறுமை.

வால்டன் தம் 28ஆம் வயதில்தான் தடையின்றிப் பேசக் கற்றார். கற்றபின் அவரை நிறுத்துவது பெரும்பாடாயிற்று! பல்லாண்டுகள் தொலைக்காட்சியில் கூடைப்பந்து வருணனையாளராக இருந்தார். ஆட்டத்தின் நடுவே இசைக்குழுவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். முதுகெலும்பு நலிந்து தரையிலேயே கிடந்த காலமும் உண்டு. வாழவே வேண்டாம் என்று எண்ணும் அளவுக்கு அப்போது வலித்தது என்று அவரே கூறியிருக்கிறார். அறுவை மருத்துவத்துக்குப் பின் மீண்டெழுந்து 2016இல் தம் வரலாற்றை எழுதினார். ‘பேக் ஃப்ரம் த டெட்’ என்னும் அந்நூலின் பெயரிலேயே குழுவின் பெயரும் ஒளிந்திருக்கிறது.

2024 மே 27 அன்று, 71ஆம் வயதில், அவர் காலமானார். குழுவின் எஞ்சிய கலைஞர்கள் ‘டெட் அண்ட் கம்பெனி’ என்னும் பெயரில் அப்போது லாஸ் வேகாஸின் ‘ஸ்பியர்’ அரங்கில் பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நிகழ்ச்சியில், கூரையளவு உயர்ந்த அந்த மாபெரும் திரையில் வால்டனின் படங்களைக் காட்டி அவருக்காக இசைத்தார்கள்.