ஒலிபெருக்கிக்கு மாற்றாகச் சுமைப்பெட்டி

ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நாச்சாரம், தொழிற்பேட்டைக்குப் பெயர் பெற்றது. என். டி. ராமராவ் நிறுவிய ராமகிருஷ்ணா ஸ்டூடியோ எழுந்ததும் அங்கேதான். அதற்கு அண்மையிலுள்ள ஹப்சிகூடாவில், 1961-இல் தொடங்கப்பெற்ற தேசிய புவிபௌதிக ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தரைமீது வைத்த உலோகத் தகட்டைச் சம்மட்டியால் ஒருமுறை அடித்து, திரும்பிவரும் அதிர்வுகளைப் பதிவு செய்வது புவிபௌதிகத்தின் எளிய முறைகளுள் ஒன்று. தட்டிக் கேட்டுப் பொருளின் இயல்பை அறியும் இத்தத்துவம் ஒலிப்பதிவுக் கலையிலும் பயன்படுகிறது. கிதார் ஒலிப்பதிவு அதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

சுமை ஏன் வேண்டும்?

மின் கிதாரின் தந்தி அதிர்வு, பெருக்கியில் வலுப்பெற்று ஒலிபெருக்கி வழியே வெளிப்படுகிறது. வால்வுப் பெருக்கியை உரக்க இயக்கும்போதுதான் இசைஞர் விரும்பும் கரகரப்பு முழுமையாகப் பிறக்கும். அண்டை வீட்டார் உறங்கும் வேளையில் இது இயலாது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு இயக்கலாமே என்று தோன்றக்கூடும். அது பெருந்தவறு. சுமையின்றி இயங்கும் வால்வுப் பெருக்கியில், வெளியீட்டு மின்மாற்றியின் முதற்சுற்றில் மின்னழுத்தம் அளவு மீறி உயரும். காப்பு பொத்து, மின்மாற்றியே பாழாகலாம்.

ஆகவே ஒலிபெருக்கியின் இடத்தில் சுமைப்பெட்டி இணைக்கப்படுகிறது. 50 வாட் பெருக்கி 8 ஓம் சுமையில் 20 வோல்ட் அழுத்தத்தையும் 2.5 ஆம்பியர் மின்னோட்டத்தையும் செலுத்தும். இவ்வாற்றல் முழுவதும் வெப்பமாகிறது. எனவே 100 வாட் தாங்கும் பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் நலம். உண்மை ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால், சிறந்த பெட்டிகளில் தடையுடன் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்க்கப்படுகின்றன.

ஒலியின் நயம்

பெட்டியிலிருந்து குறைத்தெடுத்த குறிப்பலையை அப்படியே கேட்டால் காது கூசும். கிதார் ஒலிபெருக்கிகள் விநாடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவற்றைப் பெரிதும் அடக்கிவிடுகின்றன. பெட்டி அதைச் செய்வதில்லை. இக்குறையை ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ எனப்படும் துடிப்பு மறுமொழி நிரப்புகிறது. ஒலிபெருக்கியின் முன் மைக்ரோபோனை வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை ஏறும் ஒலியைச் செலுத்துவர். பதிவிலிருந்து, ஒரேயொரு கணத்துடிப்புக்கு அது தரும் விடை கணக்கிடப்படும். இம்முறையை இத்தாலியரான ஆஞ்சலோ பாரினா 2000-இல் விளக்கினார்.

விநாடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் எடுத்தால், 1,024 மாதிரிகள் ஏறத்தாழ 21 மில்லி விநாடிக்குச் சமம். கணிப்பொறி, கிதார் ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் ஒரு சிறு தட்டாகக் கொண்டு, அதற்குரிய விடைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறது.

நினைவில் நிறுத்த வேண்டியவை

துடிப்பு மறுமொழி ஒலியின் நிறத்தையே தருகிறது. பெருக்கியின் கரகரப்பை அது உண்டாக்காது. மேலும், அது வெறும் எண்களின் தொகுப்பு. மின்னாற்றலை அதனால் ஏற்க இயலாது. கணிப்பொறி இருப்பதால் சுமை வேண்டாம் எனக் கருதுவது பெருக்கியை இழப்பதற்கு வழியாகும்.

முதலில் பெருக்கியை அணைத்து, ஓம் அளவைச் சரிபார்த்து, ஒலிபெருக்கிக்குரிய தடித்த கம்பியால் சுமையை இணைத்த பின்னரே இயக்க வேண்டும். அணைத்த பின்னும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கலாமாதலால் மாணவர் பெருக்கியைத் திறத்தல் கூடாது.

வகுப்பில் இத்தத்துவத்தை விளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. வெறுமையான கூடத்திலும் துணிமணி நிறைந்த அறையிலும் ஒருமுறை கைதட்டி, வேறுபாட்டை மாணவரைக் கேட்கச் செய்தாலே போதுமானது.