வைகையில் இடப்பக்கம் உட்காருங்கள்

மதுரையிலிருந்து சென்னைக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமா, தேஜஸில் ஏறுங்கள். தூங்கிக்கொண்டே போகப் பாண்டியன் இருக்கிறது. வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போக நினைப்பவர்களுக்குத்தான் வைகை எக்ஸ்பிரஸ். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதைக்கு மாறிய பிறகும் பகல் வண்டிதான். ஏறத்தாழ 500 கி.மீ., ஏழரை மணி நேரம்.

முதலில் டிக்கெட். மதுரையிலிருந்து 12636, எழும்பூரிலிருந்து 12635. முன்பதிவு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல், தீபாவளி என்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். தட்கல் முந்தின நாள், ஏசிக்கு 10 மணி, இரண்டாம் வகுப்புக்கு 11 மணி. நான் இரண்டாம் வகுப்பையே சொல்வேன். கண்ணாடி மூடிய பெட்டியில் போவதற்கு வைகை எதற்கு?

அடுத்து, இடம். ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கலாம், எந்தப் பக்கம் என்பது அதிர்ஷ்டம். முன்பதிவில்லாப் பெட்டியில் அந்தக் கவலை இல்லை. மதுரையில் புறப்படும் வண்டி என்பதால் சீக்கிரம் போனால் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடலாம். காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். பார்க்க வேண்டியவையோ பெரும்பாலும் இடப்பக்கம். சோழவந்தான் தாண்டியதும் கொடைக்கானல் மலைத்தொடர், பிறகு திண்டுக்கல் மலைக்கோட்டை. திருச்சி ஜங்ஷனை விட்டுக் கிளம்பியதும் கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். உச்சிப்பிள்ளையார் கோயில் மலை, காவிரிப் பாலம், 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கத்தின் பதின்மூன்று நிலை ராஜகோபுரம், உடனே கொள்ளிடம். எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். ஆடிப்பெருக்கை ஒட்டி ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தால் இந்தச் சில நிமிடங்களுக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

எழும்பூரிலிருந்து மதியம் வரும் வண்டியில் கணக்கு மாறும். வெயிலும் காட்சியும் ஒரே பக்கம், அதாவது வலம். சித்திரை வெயிலில் நிழலைத் தேர்ந்தெடுங்கள். மார்கழியிலோ ஸ்ரீரங்கம் வருவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். ஆகவே காலை வண்டியே மேல்.

சாப்பாடு: காலை ஏழுக்குள் வண்டி கிளம்பிவிடும் என்பதால் இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். மணப்பாறையில் முறுக்கு உங்களைத் தேடி வரும். சென்னை சேர மதியம் இரண்டைத் தாண்டும். எனவே விழுப்புரத்துக்குப் பிறகு பசி தாங்க ஒரு பொட்டலம் புளியோதரையும் இருக்கட்டும்.

தென்சென்னைக்காரர்கள் தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயில் பிடிக்கலாம். எழும்பூர் வரை போனால் வாசலிலேயே மெட்ரோ. எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால், புறப்படும் இடத்தையும் நேரத்தையும் முந்தின நாளே 139-க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.