சரிவில் டேப் பிடிக்கும்போது

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் கம்பி வேலிக்கும் சொட்டுநீருக்கும் அளவெடுத்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. சாமான் கள்ளக்குறிச்சியிலிருந்து மேலே ஏற வேண்டும். பத்தடி குறைந்தாலும் வண்டி மறுபடி மலையிறங்கணும். அதனால் கணக்கைக் காட்டிலேயே முடித்துவிடுவது வழக்கம்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸில் இருக்கும். பேச்சில் ஏக்கர், சென்ட். கீழே சமவெளியில் பெரியவர்கள் காணி என்பார்கள். அது 57,600 சதுர அடி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட். மனக்கணக்குக்கு ஏர்ஸைப் பத்தால் பெருக்கி நாலால் வகுத்து, நூற்றுக்கு ஒன்று கழித்தால் போதும். 81 ஏர்ஸ் என்றால் 810, நாலில் ஒரு பங்கு 202.5, இரண்டைக் கழித்தால் 200.5. சரியான விடை 200 சென்ட், இரண்டு ஏக்கர். வேலிக்கும் நாற்றுக்கும் இந்தத் துல்லியம் தாராளம். பத்திரத்துக்கு மட்டும் கால்குலேட்டரை எடுங்கள்.

அந்த இரண்டு ஏக்கரைச் சரிவில் டேப் போட்டு அளந்தால்தான் வம்பு. "என்னப்பா, பட்டாவுல ரெண்டு ஏக்கர்னு போட்டிருக்கு, டேப்புல ஒம்போது சென்ட் கூட வருதே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஐயா, பட்டா நிலத்த மேலருந்து பாக்குது, நம்ம டேப் தரையோட படுத்துப் போவுது" என்றேன். அவர் நிலம் ஒரே பக்கமாக நூற்றுக்கு முப்பது சாய்ந்தது. அந்தச் சாய்வில் கிடையாக 100 அடி இருக்கும் இடத்தில் தரையோடு 104.4 அடி வரும். 200 சென்ட் 209 ஆகத் தெரியும். கூடுதலை அறியக் குறுக்குவழி ஒன்று உண்டு: சரிவைத் தன்னாலேயே பெருக்கிப் பாதியாக்குங்கள். 0.3-க்கு 0.045. 0.1-க்கு வெறும் 0.005, அதை விட்டுவிடலாம்.

எதற்கு எந்த நீளம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. முள்கம்பிக்கும் பைப்புக்கும் தரையோடு போகும் நீளம். பட்டாவுக்கும் பயிர் எண்ணிக்கைக்கும் கிடைநீளம். சரிவானாலும் செடி நேராகத்தானே நிற்கிறது. மரவள்ளியை மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு 4,840 கரணை. 90 செ.மீ. இடைவெளி என்றால் 4,996. மூன்றடியும் 90 செ.மீ.யும் ஒன்றுதானே என்று விட்டால் நூற்றைம்பது கரணை துண்டு விழும்.

சரிவை அளக்க டியூப் லெவல் போதும்: நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், இரண்டு குச்சி. இறக்கத்தைக் கிடைத்தூரத்தால் வகுக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவில். மூன்றடி இறக்கம், ஆறு மீட்டர் தூரம் என்று எழுதி வைத்தால், அவசரத்தில் 3/6 என்று பாதியாகிவிடும். ஆறு மீட்டர் 19.7 அடி, சரிவு நூற்றுக்குப் பதினைந்து. போனிலுள்ள ஆப் டிகிரியில் காட்டும், அதையும் இதையும் கலக்காதீர்கள். நூற்றுக்குப் பதினைந்து என்பது 8.5 டிகிரி. 15 டிகிரி என்றால் நூற்றுக்கு 27! பத்தாம் வகுப்பில் படித்த டான் தீட்டா இதுதான். அப்போது யாரும் காட்டில் வைத்துச் சொல்லித் தரவில்லை.

மேல் ஊற்றிலிருந்து மோட்டார் இல்லாமல் தண்ணீர் இறக்குபவர்கள் நீளமான பைப்புக்கு வேகம் அதிகம் என்று நினைக்கிறார்கள். வேகம் தருவது உயரம். நீளம் உராய்வில் கொஞ்சம் தின்றுவிடும். 33 அடி இறக்கத்துக்கு ஒரு கிலோ பிரஷர். நூற்றுக்குப் பதினைந்து சரிவில் அந்த 33 அடி கிடைக்க, கிடையாக 220 அடி போகணும், தரையோடு 222.5. பிவிசி பைப் ஆறு மீட்டர் நீளம். அதை இருபதடி என்று வைத்து 220-ஐ வகுத்தால் பதினொன்று வரும். கடையில் பன்னிரண்டு கேளுங்கள்.