நெத்திலியும் அலையாத்திக் காடும்

கேள்வி: பங்கோர் தீவில் கடலைக் கெடுக்காத சிறுதொழில்களை ஆதரிப்பதால் உண்மையில் பயன் உண்டா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: உண்டு. ஆனால் தீவை மட்டும் பார்த்தால் அது விளங்காது. அதே பேராக் கரையிலுள்ள மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில். வனத்துறை அதை 1900களின் தொடக்கத்திலிருந்து நிர்வகித்து வருகிறது. பகுதி பகுதியாகச் சுமார் 30 ஆண்டுக்கொரு முறை வெட்டுவதும் மறுபடி நடுவதும் அங்கே வழக்கம். கோலா செப்பெத்தாங் சூளைகளில் கரியாவது அந்த மரந்தான். வெட்டுவதா பாதுகாப்பு என்பீர்கள். நியாயந்தான், நட்ட காட்டில் இயற்கைக் காட்டின் பன்மை இராது. ஆனால் வருமானம் தராத அலையாத்திக் காடுகள் பல வேறு கரைகளில் இறால் பண்ணைகளாகிவிட்டன. சோறு போட்டதால்தான் மாத்தாங் பிழைத்தது என்பது என் கணிப்பு.

பங்கோருக்கும் இதே கணக்குதான்: கடலைக் கெடுக்காத தொழில் சோறு போட்டால்தான் கடல் பிழைக்கும். 2020 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவு. அதனால் சாக்லேட் மலிவாகலாம். நெத்திலியை உப்புநீரில் அவித்து வெயிலில் உலர்த்துபவருக்கு என்ன லாபம்? அதற்காகச் சிறுதொழில் எல்லாமே நல்லது என்றும் சொல்லமாட்டேன். குஞ்சு மீனையும் சேர்த்து வாரும் இழுவைவலைக்காரரும் சிறுமுதலாளியாக இருக்கலாம். எனவே விலை பேசுமுன் எந்த வலையில் பிடித்தது என்று விசாரியுங்கள். பதில் திருப்தியானால், கிலோவுக்கு இரண்டு வெள்ளி கூடுதலாகக் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.