காஸ் போன பிறகு ஸ்பேனரை எடு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வாங்கிய பழைய பஸ்ஸின் படங்களை வடிவாகப் பார்த்தேன். கூரையில் இருக்கும் அந்தப் பெரிய வெள்ளை ஏசிப் பெட்டியை வருகிற சனிக்கிழமை நண்பர்களோடு ஏறிக் கழற்றப்போகிறாய் என்று அம்மா சொன்னா. தயவுசெய்து அந்தச் சனிக்கிழமையைத் தள்ளிப்போடு.

கழற்றுவது சரியான முடிவுதான். பஸ் ஏசியின் கம்ப்ரெஸரைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினை நிறுத்திவிட்டு நீ ஓர் ஆற்றங்கரையில் படுத்திருக்கும் இரவில் அதனால் ஒரு பயனும் இல்லை. சூரியத் தகடு போடவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு, வண்டியின் உச்சியில் பாரமாகக் கிடக்கிறது. அது போகட்டும். ஆனால் முதல் நட்டைத் திருப்புவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காஸ் வெளியே எடுக்கப்பட வேண்டும். அதை எடுக்க உனக்கு உரிமை இல்லை. இத்தனை வருடம் இதே தொழிலைச் செய்த எனக்கும் இன்றைக்கு இல்லை; வேலையை விட்டபோது என் உரிமமும் முடிந்துவிட்டது.

அவுஸ்திரேலியாவில் 1989இல் வந்த ஓசோன் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், குளிரூட்டி வாயுவைக் கையாள்பவரிடம் அதற்கான உரிமம் இருக்க வேண்டும். புதிதாகப் பூட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் மட்டுமல்ல, உன்னைப்போல் ஒரேயடியாகக் கழற்றி எறிவதற்கும் இது பொருந்தும். வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது குற்றம். உரிமத்தை வழங்குவது அவுஸ்திரேலியக் குளிரூட்டல் கவுன்சில், சுருக்கமாக ஏஆர்சி. வருகிறவரிடம் அந்த அட்டையைக் கேட்டுப் பார். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல தொழிலாளி கேட்காமலே காட்டுவார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நீ கேட்பாய். ஆரம்பப் பள்ளியில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட விடமாட்டார்கள் என்று நீ அழுதது எனக்கு நினைவிருக்கிறது. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி அணி என்ற அந்த ‘ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்’ பிரசாரத்தை விக்டோரியாவின் புற்றுநோய்க் கவுன்சில் 1981இல் தொடங்கியது. வெயிலின் கடுங்கதிரைத் தடுக்கும் ஓசோனில் அந்தாட்டிக்காவின் மேலே ஓட்டை இருப்பது அப்போது உலகுக்குத் தெரியாது. பிரித்தானிய ஆய்வாளர்கள் அதை வெளியிட்டது 1985இல். இங்கே வெயில் அதற்கு முன்பே கடுமைதான். அதோடு, ஒவ்வொரு வருடமும் வசந்தத்தின் கடைசியில் அந்த ஓட்டை கலையும்போது, ஓசோன் மெலிந்த காற்று வடக்கே நகர்ந்து நம் தலைக்கு மேலும் வரக்கூடும். அந்த ஓட்டைக்குக் காரணமானவற்றில் ஆர்-12 என்ற வாயுவும் ஒன்று. 1990களின் நடுப்பகுதிவரை வந்த கார்களிலும் பஸ்களிலும் பெரும்பாலும் அதுதான் இருந்தது. ஒருமுறை வெளியேறினால் நூறு வருடம் அளவில் வானத்தில் தங்கும்.

1987இல் ஓசோனைக் காக்க மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1995 இறுதியோடு அவுஸ்திரேலியா அந்த வகை வாயுக்களின் புதிய உற்பத்தியையும் இறக்குமதியையும் சில அத்தியாவசியத் தேவைகள் தவிர நிறுத்தியது. வாகனங்களுக்கு ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ 134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-12 இன்னும் மோசம், ஏறக்குறைய 10,900. காரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் காஸ் இருக்கும். பஸ்ஸில் பல கிலோ இருக்கும். ஐந்து கிலோ 134ஏ என்று வைத்துக்கொள். அதை ஒரு பிற்பகலில் திறந்துவிடுவது மூவாயிரம் லீட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். சூரிய மின்சாரத்தில் வாழப்போகிறேன் என்று ஆசையோடு பஸ் வாங்கிய நீ, முதல் நாளே அந்தக் கணக்கோடு தொடங்கக் கூடாது.

இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. நீ இருக்கும் வெரிபீயிலிருந்து பிரின்ஸஸ் நெடுஞ்சாலையில் தென்மேற்கே போனால் ஜீலோங். அங்கே பத்திரிகை நடத்திய ஜேம்ஸ் ஹாரிசன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், அச்செழுத்துகளை ஈதர் கொண்டு துடைக்கும்போது உலோகம் சில்லிட்டுப்போவதைக் கவனித்தார் என்று சொல்வார்கள். 1850களில் பார்வன் ஆற்றங்கரையில் ஐஸ் செய்யும் இயந்திரம் அமைத்து, 1856இல் பிரித்தானியக் காப்புரிமையும் பெற்றார். வாயுவை அமுக்கு, குளிரவைத்துத் திரவமாக்கு, பிறகு ஆவியாகவிட்டு வெப்பத்தை உறிஞ்சவை: உன் கூரைப் பெட்டியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. ஈதர் தீப்பிடிக்கும். அந்தப் பயமில்லாத ஒன்றைத் தேடி 1928இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியின் குழு கண்டுபிடித்ததுதான் ஆர்-12இன் குடும்பம். வீட்டுக்குள் பத்திரமாக இருந்த பொருள் வானத்தில் என்ன செய்யும் என்பதை, 1974இல் விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் சொல்லும்வரை யாரும் யோசிக்கவில்லை.

இனி உன் வண்டிக்கு வருவோம். எஞ்சின் அறையிலோ கம்ப்ரெஸர் அருகிலோ காஸ் வகையும் அளவும் எழுதிய ஒட்டி இருக்கும். படம் எடுத்து வை. ஆனால் அதை நம்பிவிடாதே. இந்த நாட்டில் பழைய வாகனங்கள் பலவற்றில் ஆர்-12க்குப் பதிலாக எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் காஸ் நிரப்பியிருக்கிறார்கள். என்ன வாயு என்று கருவி வைத்துப் பார்த்த பிறகே மெக்கானிக் காஸை உறிஞ்சும் மெஷினைப் பூட்டுவார். உள்ளே இருக்கும் வால்வுகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று கேள். பெரிய பஸ் ஏசிகளில் மூடிய இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் சிக்கிக்கொள்ளும்; மீட்டர் பூச்சியம் காட்டும், குழாய்க்குள் காஸ் இருக்கும். எண்ணெயில் கரைந்திருக்கும் காஸும் அப்படித்தான். ஒருமுறை உறிஞ்சி நிறுத்தினால், சற்று நேரத்தில் முள் மெல்ல ஏறும். மறுபடியும் உறிஞ்ச வேண்டும். அந்த நேரத்தில் அவரை அவசரப்படுத்தாதே. எடுத்த காஸ் சிலிண்டரில் அடைபட்டு நிறுக்கப்படும். 1993இல் தொழில்துறையே ஏற்படுத்திய ‘ரெஃப்ரிஜரன்ட் ரீகிளெய்ம் ஒஸ்ட்ரேலியா’ என்ற அமைப்பு அப்படித் திரும்பும் வாயுவைப் பொறுப்பேற்று அழிக்கிறது.

முப்பது பாகை வெயிலில் நிற்கும் பஸ்ஸின் 134ஏ குழாயில், கார் டயரில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் இருக்கும். வெளியே வந்ததும் அது கொதிப்பது −26 பாகையில். கண்ணிலோ கையிலோ பட்டால் தசையே உறைந்துபோகும். நெருப்பில் பட்டால் நச்சு வாயுக்களாகச் சிதையும். ஆகவே காஸ் எடுத்த பிறகும் குழாயைத் தீயால் வெட்டாதே. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பேனரால் பிடித்து இன்னொன்றால் ஆறுதலாகத் திருப்பு. ஒழுகும் எண்ணெயை டின்னில் பிடி. தெருவோர மழைநீர்க் கானில் ஊற்றினால் அது வெரிபீ ஆற்றுக்கும் குடாவுக்கும்தான் போய்ச் சேரும்.

மின்சாரம் எளிது: பற்றரியைத் துண்டி, ஒவ்வொரு வயருக்கும் பெயர் ஒட்டு, அறுத்த நுனியைத் திறந்து விடாதே. கூரை விசிறிகளுக்காகப் போட்ட பெரிய ஒல்டர்னேட்டர் இருந்தால் அதைக் கழற்றாதே. ஓடும்போது உன் வீட்டுப் பற்றரிகளை நிரப்ப அது உதவும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. கம்ப்ரெஸரைச் சுற்றும் பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறதா என்று பார். அப்படியானால் கம்ப்ரெஸர் போன பிறகு பெல்ட்டின் பாதையை மாற்றியமைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் கொதித்துவிடும். அடுத்தது, சில பஸ்களில் எஞ்சினின் சுடுநீர்க் குழாயும் கூரைப் பெட்டிவரை போகும். அதை ஏசிக் குழாய் என்று நினைத்து வெட்டாதே. முன்கண்ணாடிப் பனியை நீக்கும் ஹீட்டரும் அதே சுற்றில் இருக்கலாம்; அது கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

பெட்டியை இறக்க ஃபோர்க்லிஃப்ட் உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோ. கயிறு கட்டித் தோளில் தாங்கி இறக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை; உங்கள் சமவெளியில் காற்று திடீரென்று திசைமாறும். இறக்கிய பிறகு தெரியும் ஓட்டையைத் தகடு வைத்து நீர் புகாமல் மூடு. கூரையின் குறுக்குச் சட்டங்களை வெட்டாதே, வண்டி உருண்டால் உன்னைக் காப்பவை அவை. பழைய எஞ்சின் அறையின் வெப்பத் தடுப்புப் பஞ்சில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். இங்கே அது முற்றாகத் தடையானது 2003 டிசம்பர் 31இல். சந்தேகம் இருந்தால் பரிசோதிக்கும்வரை தொடாதே.

எல்லாம் முடிந்ததும் வண்டியின் உயரத்தை மறுபடி அளந்து ஓட்டுநர் முன்னால் எழுதி ஒட்டு. தென் மெல்பேர்ணில் மொன்டேகியூ வீதிப் பாலத்தின் கீழே 3 மீற்றர்தான் இடம். 2016 பெப்ரவரியில் ஒரு பஸ் அதில் மோதிப் பயணிகள் காயப்பட்டார்கள். பெட்டி போய்விட்டது என்பதற்காக உன் பஸ் அதற்குள் நுழைந்துவிடாது.

உரிமம் உள்ள ஒருவரை அழைத்து நாள் குறித்துவிட்டு எனக்குச் சொல், நானும் வருகிறேன். எத்தனை கிலோ காஸ் எடுத்தார் என்று எழுதிய ரசீதை அவரிடம் கேட்டு வாங்கி வண்டியின் கோப்பில் வை. என்றைக்காவது விற்கும்போது வாங்குபவருக்கு அதையும் சேர்த்துக் கொடு.

அன்புடன்,
மாமா