மாலை நேர அழுகையும் டப்பாப் பாலும்

குழந்தை நல மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டாக்டர், சாயங்காலம் ஆனால் குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, ப்ரீபயாடிக் சேர்த்த டப்பாப் பால் கொடுக்கலாமா?" ஊரில் என்றால் தூக்கிக்கொள்ளப் பாட்டி இருப்பாள். இங்கே தனிக்குடித்தனத்தில் குழந்தையோடு தாயும் சேர்ந்து அழுகிறாள். எனவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நன்றாகப் பால் குடித்து எடை கூடும் குழந்தை, நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் காரணமின்றி அழுதால் அதற்குக் 'காலிக்' என்று பெயர். 1954இல் வெஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கு இது. அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 3, 4 மாதங்களில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

ப்ரீபயாடிக் என்பது என்ன? தாய்ப்பாலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை குடலில் வாழும் 'பிஃபிடோ' எனும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவு. இதைப் பின்பற்றித்தான் டப்பாப் பாலில் 'காஸ்', 'ஃபாஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சர்க்கரைகளைச் சேர்க்கிறார்கள். முன்னது பால் சர்க்கரையிலிருந்து தயாராவது. பின்னதைச் சிக்கரி வேரிலிருந்து எடுப்பதுண்டு. ஆம், நம் காப்பியில் கலக்கும் அதே சிக்கரிதான்!

இத்தாலியின் டூரின் நகர மருத்துவர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலிக் உள்ள 199 புட்டிப்பால் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ப்ரீபயாடிக் கலந்த புதிய பால். மறு பிரிவுக்குச் சாதாரணப் பாலுடன் வாயு மருந்து. இரண்டு வாரங்களில் முதல் பிரிவில் நாளொன்றுக்குச் சுமார் 6 முறை வந்த அழுகை 2 முறைக்கும் கீழே இறங்கியது. மறு பிரிவிலும் சுமார் 5 முறை 3 முறையாகக் குறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. அந்தப் புதிய பாலில் புரதம், கொழுப்பு, பால் சர்க்கரை ஆகியவற்றையும் மாற்றியிருந்தார்கள். ஆகவே பலன் ப்ரீபயாடிக்கால் மட்டுமே என்று சொல்வதற்கில்லை. இரண்டாவது, மறு பிரிவிலும் அழுகை குறைந்தது. மூன்றாவது, அவை எல்லாம் ஏற்கெனவே புட்டிப்பால் குடித்த குழந்தைகள். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால் நல்லது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. டப்பாவில் சேர்ப்பது ஓரிரு வகை. தாயிடம் இருப்பதோ நூற்றுக்கு மேல். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிப்பானேன்?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தவிர்க்க முடியாத காரணத்தால் புட்டிப்பால் கொடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் டப்பாவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

அழும்போது மார்போடு அணைத்து நடங்கள். பால் கொடுத்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். வசம்பு, தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பொறுமை போய்விட்டால், குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள், அது தவறல்ல. கோபத்தில் குழந்தையைக் குலுக்குவதுதான் ஆபத்து. மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே உலை வைக்கும்.

காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், துவண்டு போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது காலிக் என்று இருந்துவிடாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தந்தையர்க்கும் ஒரு வார்த்தை. மாலையில் வீடு திரும்பியதும் ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாய்க்கு அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.