மேட்டில் இழந்தது இறக்கத்தில் கிடைக்குமா?

கலிபோர்னியாவின் மவுண்ட் சான் அன்டோனியோ கல்லூரி, உயர்நிலைப் பள்ளி அணிகளை அழைத்துக் கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி நடத்துகிறது. பாதை குன்றுகளில் ஏறி இறங்குவது. அணிக்கு எழுவர் ஓடுவர்; முன்னால் வரும் ஐவரின் இடங்களைக் கூட்டினால் எந்த அணிக்குக் குறைவோ அதுவே வெல்லும்.

சமதரையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடும் மாணவன், 1 கி.மீ. மேட்டை 12 கி.மீ. வேகத்தில் ஏறி, அதே தொலைவை 18 கி.மீ. வேகத்தில் இறங்குகிறான் என்று கொள்வோம். சராசரி 15 தானே என்கிறீர்களா? ஏற 5 நிமிடம். இறங்க 3 நிமிடம் 20 நொடி. சமதரையில் 8 நிமிடமே ஆகியிருக்கும். மெதுவாக ஓடிய நேரமே அதிகம் அல்லவா?

சரிக்கட்ட 20 கி.மீ. வேகத்தில் இறங்க வேண்டும். அது எளிதன்று. 50 கிலோகிராம் நிறையுள்ளவன் 30 மீட்டர் உயரம் ஏறினால் 14,700 ஜூல் நிலையாற்றல் சேர்கிறது. சைக்கிள் என்றால் அதில் பெரும்பகுதி வேகமாகத் திரும்பக் கிடைக்கும். ஓடுபவனோ விழாமலிருக்க ஒவ்வோர் அடியிலும் தன்னைத் தடுத்துக்கொள்கிறான்; ஆற்றலில் பெரும்பங்கு தசைகளில் வெப்பமாகிறது. (மறுநாள் தொடைவலியே இதற்குச் சாட்சி!)

முதல்வனுக்கு 20 நொடி பெரிதில்லாமல் போகலாம். கூட்டத்தின் நடுவே ஓடும் ஐந்தாமவனை அதற்குள் பலர் முந்திவிடுவர். ஒவ்வொருவராலும் அணியின் கூட்டுத்தொகை ஏறும்.